கொல்லைப்புறத்தில் சிறுவிடை: குஞ்சை அடையாளம் காண்பதும் காப்பாற்றுவதும்

சிறுவிடை என்பது உடல் சிறுத்த நாட்டுக்கோழி வகை. ஒரு நாள் வயதுக் குஞ்சை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு “இது அசல் சிறுவிடை” என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. விற்பவரால் முடியாது, கால்நடை மருத்துவராலும் முடியாது. சில கலப்புகளை முதல் நாளே கழித்துவிடலாம். மற்றவை மூன்றாவது வாரம், எட்டாவது வாரம், பெட்டை முட்டை வைக்கும் ஆறாவது மாதம் என்று படிப்படியாகத்தான் வெளிப்படும். அதுவரை குஞ்சு உயிரோடு இருக்க வேண்டும். எந்தக் குஞ்சு எங்கிருந்து வந்தது என்ற குறிப்பும் கையில் இருக்க வேண்டும். பலர் இந்த இரண்டையும் கோட்டைவிட்டு, மிஞ்சிய நாலு கோழியைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று வருந்துகிறார்கள்.

கீழே உள்ளவை வீட்டுக் கொல்லையில் 10 முதல் 25 குஞ்சு வரை முதன்முறையாக வளர்ப்பவருக்கானவை. பெருவிடை (உடல் பெருத்த நாட்டுக்கோழி), கடக்நாத் (கருங்கோழி), கிராப்பு (கழுத்தில் இறகில்லாத கோழி) ஆகியவை சிறுவிடையோடு குழப்பப்படும் இடங்களில் மட்டும் வருகின்றன.

1. முதலில் மாதத்தைத் தீர்மானியுங்கள்

தமிழ்நாட்டில் கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் (வெள்ளைக் கழிச்சல்) தடுப்பூசி முகாம் நடத்துகிறது. அதில் 8 வாரம் நிரம்பிய கோழிகளுக்கு இலவசமாக ஊசி போடுவார்கள். பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்: பிப்ரவரி தொடக்கத்தில் 8 வாரம் நிரம்ப, குஞ்சு டிசம்பர் முதல் வாரத்தில் பொரிந்திருக்க வேண்டும். அடை வைப்பதென்றால் அதற்கு 21 நாள் முன்பு, நவம்பர் நடுவில் வைக்க வேண்டும். அது மழைக்காலம்தான். ஆனால் மேலே கூரையும் கீழே காய்ந்த உமியும் இருந்தால் மழையைச் சமாளிக்கலாம். சித்திரை வெயிலில் பொரிந்த குஞ்சைச் சமாளிப்பது அதைவிடக் கடினம்; வெப்பத்தோடு அம்மையும் அப்போதுதான் வரும்.

2. வாங்கும் இடமும் கேட்க வேண்டிய தாளும்

“நாட்டுக்கோழிக் குஞ்சு” என்ற பெயரில் நான்கு வகைச் சரக்கு விற்கிறது: ஊர்வீடுகளில் அடை வைத்துப் பொரித்தது; சிறுவிடை, அசில் (சண்டைக்கோழி இனம்) என்று தனித்தனியாகப் பராமரிக்கும் பண்ணைக் குஞ்சு; நந்தனம், நாமக்கல் கோழி-1, வனராஜா, கிராமப்பிரியா போன்ற மேம்படுத்திய இனங்கள்; சைக்கிளிலும் வேனிலும் சாயம் பூசி வரும் லேயர் (பண்ணை முட்டைக்கோழி) சேவல் குஞ்சு. மூன்றாவது வகை தரக்குறைவானதல்ல. முட்டையும் எடையும் வேண்டுமென்றால் அதுவே சரி. ஆனால் தானே அடைகாத்து, தானே குஞ்சைக் கூட்டிக்கொண்டு மேயும் கோழி வேண்டுமென்றால் அது உங்களுக்கு உதவாது. பருந்தைக் கண்டதும் குரல் கொடுத்துக் குஞ்சுகளை இறக்கைக்குள் அழைக்கும் தாய்க்கோழியை எந்தக் கூண்டாலும் ஈடுகட்ட முடியாது.

கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பண்ணைகளிலும் (சென்னை மாதவரம், நாமக்கல்) வேளாண் அறிவியல் நிலையங்களிலும் குஞ்சுக்கு முன்பதிவு செய்து காத்திருக்க வேண்டியிருக்கும். எந்த இனம் எப்போது கிடைக்கும் என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். எங்கு வாங்கினாலும் ரசீதில் மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள்: இனத்தின் பெயர், பொரித்த தேதி, முதல் நாள் மாரெக்ஸ் (காலை முடக்கும் வைரஸ் நோய்) தடுப்பூசி போடப்பட்டதா இல்லையா. வெறும் “நாட்டுக்கோழி 25” என்று எழுதிய ரசீது நாளைக்கு எதற்கும் உதவாது. அரசு மானியத் திட்டத்தில் விண்ணப்பிப்பவர்கள் ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களைத் தயாராக வைத்திருங்கள். கொட்டகை போடும் திட்டமென்றால் நிலத்துக்கான தாளும் கேட்பார்கள். திட்டத்தில் தருவது எந்த இனம் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

முடிந்தால் தாய்க்கோழியைப் பார்த்து வாங்குங்கள். ஊர்வீட்டில் தாயும் சேவலும் கண்முன் நிற்கும்போது கிடைக்கும் உறுதி வேறெந்தத் தாளிலும் இல்லை. ஒரு மாதக் குஞ்சு வாங்கினால் அலகின் நுனியைக் கவனியுங்கள். நுனி வெட்டியிருந்தால் அது நெருக்கமான கொட்டகையில் வளர்ந்தது. இனம் எதுவானாலும் அது மண்ணைக் கிளறி மேய்வதில் பின்தங்கும்.

3. முதல் நாள்: தராசு, பூ, நிறம்

சமையலறைத் தராசு போதும். பொரிந்த குஞ்சின் எடை, முட்டை எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. சிறுவிடை முட்டை 40 கிராமை ஒட்டியது என்பதால் குஞ்சு 25 முதல் 30 கிராமுக்குள் இருக்கும். 36, 38 கிராம் காட்டினால் அது 55 கிராம் முட்டையிலிருந்து வந்தது. அந்தத் தாய் சிறுவிடையாக இருக்க வாய்ப்பு குறைவு. பத்துக் குஞ்சையாவது தனித்தனியாக நிறுங்கள். ஒன்றிரண்டு கூடக்குறைய இருக்கலாம், எல்லாமே 35-க்கு மேல் என்றால் சந்தேகப்படுங்கள். நீண்ட பயணத்தில் நீர் வற்றிய குஞ்சு எடை குறைந்து காட்டும் என்பதால் பெட்டியைத் திறக்கும்போதே, விற்பவரின் இடத்திலேயே நிறுப்பது நல்லது.

அடுத்து பூ, அதாவது தலைமேல் சிவந்து நிற்கும் சதை. ஒரே வரியாகப் பல்லோடு நிற்கப்போகும் கத்திப்பூ என்றால், குஞ்சின் அலகுக்கு மேல் மெல்லிய ஒற்றைக் கோடு தெரியும். மூன்று வரியாகத் தட்டையான மேடு தெரிந்தால் அதில் அசில் அல்லது பெருவிடை ரத்தம் இருக்கிறது. பொரித்த அன்றே நம்பிப் பார்க்கக்கூடிய சில அடையாளங்களில் இது ஒன்று. பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் தெளிவு.

கழுத்தில் பஞ்சு இல்லாமல் தோல் தெரிந்தால் கிராப்பு. இதுவும் பொரித்த அன்றே தெரிந்துவிடும். கழுத்தின் முன்பக்கம் ஒரு சிறு குஞ்சம் இருந்தால் பெற்றோரில் ஒன்று மட்டும் கிராப்பு என்று கொள்ளலாம். உச்சந்தலையில் பஞ்சு குவிந்து நின்றால் கொண்டைக்கோழி வழி.

நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். புதியவர்கள் முதலில் பார்ப்பதும் அதிகம் ஏமாறுவதும் நிறத்தில்தான். சிறுவிடைக்கு நிலையான நிறம் கிடையாது. முதுகில் அணில் வரி ஓடும் பழுப்புக் குஞ்சு, கறுப்பு, செவலை, வெள்ளை எல்லாம் ஒரே அடையில் பொரியும். கறுப்புக் கோழியின் குஞ்சுக்கு வயிறும் தொண்டையும் இறக்கை நுனியும் வெளிர் மஞ்சளாக இருக்கும். இதைப் பார்த்துக் கலப்பு என்று கழித்துவிடாதீர்கள். இறகு மாறும்போது அந்த வெளுப்பு போய்விடும். முழு மஞ்சள் நிறத்தோடு எடையும் கூடியிருந்தால்தான் யோசிக்க வேண்டும். பச்சை, இளஞ்சிவப்பு என்று சாயம் பூசிய குஞ்சென்றால் இறக்கையின் அடியில் பஞ்சை விலக்கிப் பாருங்கள், பழைய நிறம் தெரியும்.

4. வளையமும் நோட்டும்

ஒவ்வொரு குஞ்சுக்கும் காலில் நிற வளையம் போடுங்கள். கடையில் கிடைக்காவிட்டால் மின்கம்பி கட்டும் சிறு பிளாஸ்டிக் பட்டை போதும். ஆனால் குஞ்சின் கால் வாரத்துக்கு வாரம் தடிக்கும். வளையத்துக்கும் காலுக்கும் இடையே தீக்குச்சி நுழையும் அளவு இடம் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். இறுகிய வளையம் சதைக்குள் புதைந்து காலே போய்விடும்.

நோட்டில் பொரித்த தேதி, தாய், சேவல், வளைய நிறம், முதல் நாள் எடை, பூ, கால் நிறம். ஒரு வரி போதும். ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், ஓர் அடிக்கோலைப் பக்கத்தில் வைத்து முதல் நாள், 3, 8, 16-ஆம் வாரங்களில் படம் எடுங்கள்.

5. முதல் மூன்று வாரம்

தாயோடு வந்த குஞ்சென்றால் பஞ்சாரத்தில் முதல் ஒரு வாரம் மூடி வையுங்கள், மற்றதைத் தாய் பார்த்துக்கொள்ளும். தாயில்லாக் குஞ்சுக்குச் செயற்கைச் சூடு வேண்டும்.

25 குஞ்சுக்கு ஒன்றரை அடி உயரத் தகட்டை அல்லது அட்டையை 3 அடி விட்ட வட்டமாக வளைத்து நிறுத்துங்கள். சதுரப் பெட்டியில் மூலையில் நெருங்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சு முட்டிச் சாகும். கீழே 2 அங்குலம் நெல் உமி. அதன்மேல் முதல் மூன்று நாள் துவைத்த கோணிச் சாக்கு. வழுவழுப்பான தாளை விரித்தால் கால் பக்கவாட்டில் விரிந்து குஞ்சு நிற்க முடியாமல் போகும். உமியை முதல் நாளே திறந்துவிட்டால் தீவனம் என்று நினைத்து அதைக் கொத்தித் தின்னும்.

சூட்டுக்கு 60 வாட் இழை பல்பு, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது. கடைக்காரர் கொடுத்தாரென்று எல்.இ.டி.யை மாட்டி ஒரே இரவில் முழுக் கூட்டத்தையும் இழப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. இழை பல்பு இப்போது எல்லாக் கடையிலும் இல்லை. குஞ்சு வாங்கும் முன்பே இரண்டு வாங்கி, எரியவிட்டுப் பார்த்து வையுங்கள். முதல் வாரம் குஞ்சின் முதுகு உயரத்தில் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைவு. வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சு சொல்லிவிடும்: பல்புக்கடியில் குவிந்து கத்தினால் குளிர், தகட்டோரம் ஒட்டி வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. 60 வாட் பல்பு 14 நாள் விடாமல் எரிந்தால் 20 யூனிட் மின்சாரம் ஆகும். மின்வெட்டுக்குச் சுடுநீர் நிரப்பித் துணி சுற்றிய பாட்டில்கள் கைவசம் இருக்கட்டும்.

வந்ததும் முதலில் தண்ணீர், பிறகுதான் தீவனம். கொதித்து ஆறிய தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி வெல்லம் கரைத்து, ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒருமுறை தொட்டுவிடுங்கள். ஒரு குஞ்சு குடிப்பதைப் பார்த்து மற்றது கற்கும். தட்டில் கூழாங்கல் போட்டால் நனையாது, மூழ்காது. வெல்ல நீர் அரை நாள் போதும். அதற்குமேல் வைத்தால் புளிக்கும்.

தீவனத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. கடையில் “லேயர்” என்று கேட்டால் முட்டைக்கோழித் தீவனத்தைத் தருவார்கள். அதில் சுண்ணாம்புச் சத்து குஞ்சுக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு. குஞ்சின் சிறுநீரகம் கெடும். “லேயர் குஞ்சுத் தீவனம்” அல்லது “ஸ்டார்ட்டர்” என்று மூட்டைத் தாளில் இருப்பதைப் படித்து வாங்குங்கள். புரதம் 20 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். நொய்யும் கம்பும் மட்டும் போட்டு வளர்த்தால் இறகு முளைப்பது தள்ளிப்போகும், எடை ஏறாது, பிறகு நீங்கள் எடையை வைத்துச் செய்யும் அடையாளமும் தப்பாகும். ஒரு குஞ்சுக்கு 8 வாரத்துக்கு ஒன்றே கால் கிலோ என்று கணக்கு வைத்தால் 25 குஞ்சுக்கு 30 கிலோவுக்குச் சற்று மேல். முதல் இரண்டு மாதச் செலவில் குஞ்சு விலைக்கு அடுத்தது இதுதான். அதனால் 50 கிலோ மூட்டையை வாங்கிப் பூஞ்சணம் பிடிக்கவிடாமல், பத்துப் பத்து கிலோவாக வாங்குங்கள்.

மூன்றாவது வாரத்திலிருந்து கரையான் கொடுக்கலாம். பழைய மண்பானையில் கிழிந்த கோணி, காய்ந்த சாணம், ஓலை திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் குஞ்சுகளுக்கு விருந்து. வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்.

எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் அது ரத்தக் கழிச்சல். ஈர உமியில்தான் பெருகும். ஈரக்கூளத்தை அன்றே அள்ளி எறிந்து, ஆம்ப்ரோலியம் தூளைக் குடிநீரில், உறையில் சொன்ன அளவில், 5 நாள் கொடுங்கள். இரண்டு நாளில் தேறிவிட்டதே என்று நிறுத்தினால் திரும்ப வரும்.

6. தடுப்பூசி நாட்கள்

7-ஆம் நாள்: லசோட்டா (வெள்ளைக் கழிச்சலுக்கான சொட்டு மருந்து), கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு. 14-ஆம் நாள்: கம்போரோ (நோய் எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கும் வைரஸ் நோய்) தடுப்பு மருந்து. 28-ஆம் நாள்: மறுபடி லசோட்டா, குடிநீரில். 6 முதல் 8 வாரத்துக்குள்: அம்மைத் தடுப்பூசி, இறக்கைச் சவ்வில். 8 வாரத்துக்குப் பிறகு: வெள்ளைக் கழிச்சலுக்கான ஊசி, இறக்கைக்குக் கீழே தோலுக்கடியில்.

இந்தக் கடைசி ஊசி வீரியம் கூடியது. சின்னக் குஞ்சுக்குப் போட்டால் நோயையே வரவழைக்கும். முகாமுக்கு ஆள் வந்துவிட்டார் என்பதற்காக ஐந்து வாரக் குஞ்சை நீட்டாதீர்கள்.

மருந்து குப்பி மலிவு. குளிர்ச்சிதான் விலை உயர்ந்தது. 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து. பிளாஸ்கில் பனிக்கட்டி போட்டு எடுத்து வாருங்கள். கூட வரும் கரைப்பானையும் குளிர வைத்த பிறகே கலக்குங்கள், கலந்ததை ஒரு மணி நேரத்துக்குள் முடியுங்கள். குறைந்தபட்சக் குப்பியே 100 குஞ்சுக்கானது என்பதால், தெருவில் கோழி வைத்திருப்போர் நாலு பேர் சேர்ந்து ஒரே மாலையில் போட்டுக்கொள்வது சிக்கனம், பாதுகாப்பும்கூட. குடிநீரில் கொடுக்கும் நாளில் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் வேண்டாம். அது மருந்தைக் கொன்றுவிடும். கிணற்று நீரில் லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பொடி கலந்து, குஞ்சை இரண்டு மணி நேரம் தாகத்தில் விட்டபிறகு வையுங்கள். காய்ச்சலோ கழிச்சலோ உள்ள குஞ்சுக்கு அன்று தடுப்பூசி கிடையாது.

7. மூன்றாவது வாரமும் எட்டாவது வாரமும்

மூன்றாவது வாரத்தில் இறகைப் பாருங்கள். சிறுவிடைக்கு இறக்கையும் வாலும் சீக்கிரம் முளைத்து, குஞ்சு திட்டு மேல் ஏறித் தாவும். அசில், பெருவிடைக் குஞ்சுக்கு முதுகு வெறுமையாகவே இருக்கும். ஐந்தாறு வாரம்வரைகூட அப்படியே நிற்கும். அது நோயல்ல. நிமிர்ந்த நிலை, நீண்ட தடித்த கால், புடைத்த புருவம் என்று மற்ற அடையாளங்களும் சேர்ந்து வரும்.

எட்டாவது வாரம் மறுபடி தராசு. குஞ்சுத் தீவனத்தில் வளர்ந்த சிறுவிடை 400 கிராமை ஒட்டி நிற்கும். அதே தீவனத்தில் 700, 800 காட்டுவது மேம்படுத்திய இனம் அல்லது அதன் கலப்பு.

சேவலா பெட்டையா என்பதும் இப்போதுதான் தெளியும். ஐந்து, ஆறாவது வாரத்தில் பூ சிவந்து பெருப்பது சேவல். 10, 12-ஆவது வாரத்தில் கழுத்திலும் இடுப்பிலும் கூர்நுனி இறகு பளபளத்தால் ஐயமே இல்லை. முட்டையின் வடிவத்தை வைத்துச் சொல்வது, குஞ்சைத் தலைகீழாகப் பிடித்துச் சொல்வது எதையும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். இறக்கை நீளத்தை வைத்துப் பிரிப்பது அதற்கென்றே இணைசேர்த்த பண்ணைக் கலப்புகளில் மட்டும் பலிக்கும்.

8. கடக்நாத் வாங்குவோருக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை

மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, தார் பகுதிக் கோழி இது. தோலும் சதையும் எலும்பும் கறுப்பாக இருப்பதால், கறுத்த குஞ்சைக் காட்டினாலே அசல் என்று நம்பிவிடுகிறார்கள். கடக்நாத் சேவலைச் சாதாரண வெள்ளைக்கால், மஞ்சள்கால் பெட்டையோடு சேர்த்தாலும், அந்த அடையில் பொரியும் பெட்டைக்குஞ்சுகள் கறுத்த தோலோடும் கறுத்த காலோடும் வரும். சேவல்குஞ்சுகளில்தான் வெளுப்பு தெரியும். கறுப்பைத் தடுக்கும் மரபணு தாயிடமிருந்து மகனுக்கு மட்டும் போவதே காரணம். ஆகவே பெட்டைகளை மட்டும் பொறுக்கித் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதே அடையின் சேவல்களையும் காட்டச் சொல்லி, கால், நாக்கு, பூ மூன்றும் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். கடக்நாத் முட்டை வெளிர் பழுப்புதான். கறுப்பு முட்டை என்று விற்பது சாயம்.

9. ஆறாவது மாதம்: முட்டையும் அடையும்

சிறுவிடைப் பெட்டை ஐந்தரை, ஆறு மாதத்தில் முதல் முட்டை வைக்கும். 12, 15 முட்டை வைத்ததும் கூட்டைவிட்டு எழாமல், கை நீட்டினால் சிலிர்த்துக் கொத்தி அடைக்கு உட்காரும். வேறெதையும்விட நான் இந்தச் சோதனையைத்தான் நம்புவேன். நல்ல தீவனத்தில் 30, 40 முட்டை தொடர்ந்து வைத்து, அடை நினைப்பே இல்லாத பெட்டைக்குள் முட்டைக்கோழி ரத்தம் ஓடுகிறது. முதல் சுற்றிலேயே முடிவு கட்டாமல் இரண்டாவது சுற்றும் பாருங்கள். கடக்நாத்துக்கு இந்தச் சோதனை செல்லாது. அது இயல்பிலேயே அரிதாகத்தான் அடைக்கு உட்காரும்.

அடைக்கு 10 முதல் 12 முட்டை. குளிர்காலத்தில் ஒரு வாரத்துக்குள், வெயில்காலத்தில் நாலு நாளுக்குள் இட்ட முட்டையாக இருக்கட்டும். கூர்முனை கீழே இருக்கும்படி சேமித்து, இருட்டிய பிறகு வையுங்கள். 7-ஆம் நாள் இரவில் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். சிலந்திபோல் ரத்த நாளம் தெரியாத முட்டையை எடுத்துவிடுங்கள். கூமுட்டை வெடித்தால் அடை முழுதும் கெடும்.

10. இணை சேர்க்கும்போது

8 முதல் 10 பெட்டைக்கு ஒரு சேவல். அந்தச் சேவல் அதே அடையில் பிறந்ததாக இருக்கக் கூடாது. குட்டைக்கால் கோழி வைத்திருப்பவர்கள் இரண்டு குட்டைக்காலைச் சேர்க்க வேண்டாம். நான்கில் ஒரு கரு ஓட்டுக்குள்ளேயே செத்துவிடும். ஒன்றைச் சாதாரணக் காலோடு சேர்த்தால் பாதிக் குஞ்சு குட்டைக்காலாகவே பொரியும், இழப்பும் இல்லை.

பழைய சேவலை விற்றுவிட்டுப் புதியது வாங்கினால் உடனே அடை வைக்காதீர்கள். பெட்டையின் உடலில் பழைய சேவலின் விந்து இரண்டு, மூன்று வாரம் உயிரோடு இருக்கும். சேவல் போன நாளிலிருந்து 21 நாள்வரை இட்ட முட்டைகளைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, 22-ஆம் நாள் முட்டையிலிருந்து அடைக்குச் சேர்த்து, நோட்டில் புதிய சேவலின் பெயரை எழுதத் தொடங்குங்கள்.